மூட்டை வாய் தைக்கும் வரை

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குப் புறப்படுவதாகப் பேச்சு. ஜெயபாலின் கார் மதுரை வில்லாபுரத்தில் என் வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி ஆறு நாற்பது. ஸ்பீக்கருக்குச் சார்ஜ் ஏறவில்லையாம், அதனால் தாமதமாம். அமைதி தேடிப் போகிற பயணத்துக்கு ஸ்பீக்கர் எதற்கடா என்று கேட்டேன். "மூடு வரணும்ல" என்றான். எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மூடும் அப்போதே போய்விட்டது.

விஷயம் இதுதான். நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். மிச்ச நேரத்தில் குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறேன். சென்னையில் ஒரு பதிப்பகம் பதினாறு பக்கப் படக்கதை கேட்டிருந்தது. இரண்டு முறை அனுப்பினேன், இரண்டும் திரும்பி வந்தன. 'நன்றாக இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை' என்று பதிப்பாசிரியர் அம்மா இரண்டு தடவையும் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார். மூன்றாவது கதை திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம். நாற்பத்தாறு வயதில், அட்டையில் என் பெயர் போட்ட ஒரே ஒரு புத்தகம் வருவதற்கு இருந்தது. அதுவும் கை நழுவப் போகிறது என்று நண்பர்களிடம் புலம்பினேன். புலம்பியது என் தப்பு.

நண்பர்கள் இரண்டு பேர். ஜெயபால் செல்போன் கடை வைத்திருக்கிறான். கதிர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். மூன்று பேரும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. "உனக்கு இன்ஸ்பிரேஷன் இல்லடா, அதான் பிரச்சினை" என்று இவர்களே கண்டுபிடித்து, இவர்களே மருந்தும் எழுதிவிட்டார்கள். கதிரோடு வேலை பார்க்கும் ஒருவருக்குத் திருச்சுழி தாண்டி ஒரு கிராமத்தில் வீடு சும்மா கிடக்கிறது. இரண்டு நாள் அங்கே உட்கார்ந்தால் கற்பனை தானாக ஊறும் என்று முடிவு. ஊறுவதற்கு இவர்கள் தேர்ந்தெடுத்தது மழையே எட்டிப் பார்க்காத ஒரு பூமியை.

காலை 7.25. காரியாபட்டியில் டீக்கு நிறுத்தினோம். டீ பதினைந்து ரூபாய், வடை பத்து. மதுரைக்கு வேலைக்குப் போகிற கூட்டம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு பஸ்ஸாக எண் பார்க்கிற ஒரு காக்கா என் மனசில் தோன்றியது. வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருக்கும் காக்கா. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

"ஏலே சூப்பர்டா! சூப்பர்!" என்று ஜெயபால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கை கொடுத்தான்.

"காக்காவுக்கு டிபன் பாக்ஸ் வெச்சிரு. அதுல வடை. செமயா இருக்கும்" என்றான் கதிர்.

காரில் ஏறி ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் அந்தக் காக்கா செத்துவிட்டது. எப்போதும் இப்படித்தான். இருபது வருடத்தில் இவர்களிடம் நான் சொன்ன கதை ஒன்றையாவது எழுதி முடித்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. அப்போது அதைத் தற்செயல் என்றே நினைத்தேன்.

8.10க்கு அருப்புக்கோட்டை. இட்லி சாப்பிட்ட கடைக்குப் பின்சந்தில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. "இந்தச் சத்தத்தைக் கேளு, இதுல ஒரு கதை இருக்கு" என்று கதிர் என்னைத் தறிக்கூடத்து வாசலில் நிறுத்திவைத்தான். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தவர், "யாரு வேணும்?" என்று கேட்டார். கதை வேணும் என்று எப்படிச் சொல்வது? "சும்மாண்ணே" என்று திரும்பினேன். அங்கிருந்து கிழக்கே பதினைந்து பதினாறு கிலோமீட்டரில் திருச்சுழி. தாலுகா ஆபீஸ் விடுமுறை, கடைத்தெருவில் மட்டும் ஆள் நடமாட்டம். குண்டாற்றுப் பாலத்தில் காரை நிறுத்தி, தண்ணீரில்லாத ஆற்றை இருவரும் இருபது நிமிடம் படம் பிடித்தார்கள். "என்னா வியூ! எழுதிக்கோ, எழுதிக்கோ" என்றார்கள். நான் நோட்டில் 'மணல்' என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத அங்கே எதுவுமில்லை.

வீரசோழன் போகும் வழியில் கொஞ்ச தூரம் சென்று, இடதுபுறம் கிளைச்சாலையில் திரும்பினால் அந்த ஊர் வருகிறது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. பயணக் கட்டுரையில் இடத்தைச் சரியாகக் குறிப்பிட வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஏன் எழுதவில்லை என்பது போகப்போகத் தெரியும்.

10.05க்குப் போய்ச் சேர்ந்தோம். ஜெயபால் இறங்கியதும் முதல் வேலையாகக் காரை வேப்பமரத்தடியில் விட்டு, டிக்கியிலிருந்து அதன் போர்வையை எடுத்து மூடினான். கார் வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. வேம்பில் கொக்கு உட்கார்ந்து அசிங்கம் செய்துவிடுமாம்.

எங்களுக்குச் சமைத்துப் போட ஏற்பாடு செய்திருந்த பஞ்சவர்ணம் பக்கத்து வீடு. நாற்பது வயது இருக்கும். அவர் கணவர் லாரி டிரைவர். "எங்க வீட்டுக்காரவுக தூத்துக்குடிக்கு லோடு ஏத்திப் போயிருக்காக. திங்கக்கெழமதான் வாராக. என்ன வேணும்னாலும் எங்கிட்டக் கேளுங்கண்ணே" என்று செம்பில் தண்ணீர் கொடுத்தார். நன்றாகத்தான் ஆரம்பித்தது.

வீட்டுக்கு எதிரே அவருடைய மூன்று ஏக்கர் கரிசல். வேலியோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். வயலின் ஓரத்தில் மண்ணை அடித்து இறுக்கிய களம், அதில் பழுத்த குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. இந்தக் கண்ணுக்கு அத்தனை சிவப்பு அதுவரை பழக்கமில்லை. மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டோம்.

"யம்மாடி! எம்புட்டு அழகா இருக்கு!" என்று ஜெயபால் கத்தினான்.

"எத்தனை மூட்டை தேறும்மா?" என்று கதிர் கேட்டான்.

பஞ்சவர்ணத்தின் முகம் சட்டென்று சுருங்கியது. "என்னத்த அழகுண்ணே? அம்புட்டும் சொத்தையும் சோடையும். மூணு மூட்டை தேறுனா பெரிசு."

அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. "பாவம்மா நீங்க. இவ்வளவு பாடுபட்டு மூணே மூட்டையா?" என்றேன். ஆறுதல்தான் சொன்னேன். அதற்கு அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, மற்ற இருவரையும் அப்படிப் பார்க்கவில்லை.

"ஏண்ணே, மூணு பேரும் கொஞ்சம் இப்பிடிக் கெழக்க பாத்து நில்லுங்க" என்றார். காய்ந்த மிளகாய் ஒரு கைப்பிடி, கல்லுப்பு, எங்கள் செருப்படி மண் மூன்றையும் சேர்த்து அள்ளி, களத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு எங்கள் மூவருக்கும் நேரே கையை நீட்டினார். "துப்புங்க. மூணு தடவ." கதிர் செல்போனைத் தூக்கினான். "அத உள்ள வெய்ங்க சார். அதாலதான் பாதி கெடுதி" என்று ஒரு அதட்டல். இயற்பியல் வாத்தியார் போனைப் பையில் போட்டுவிட்டு ஒழுங்காகத் துப்பினார்.

ஓரத்தில் சருகைக் கொளுத்தி அதில் எல்லாவற்றையும் போட்டார். புகை வந்தது, நெடி வரவில்லை. "பாத்தீகளா? ஒரு தும்மல் வருதா? ஒரு இருமல் வருதா? அம்புட்டும் கண்ணு!" காற்று மேற்கே அடிக்கிறது, நாம் கிழக்கே நிற்கிறோம், எப்படி நெடி வரும் என்று கதிர் விளக்கப் போனான். அந்த நேரம் பார்த்துக் காற்றுத் திரும்பியது. அடுத்த பத்து நிமிடம் நாங்கள் மூவரும் வேப்பமரத்தடியில் குனிந்து இருமிக்கொண்டிருந்தோம். "ம்ம், இப்பக் கழிஞ்சிருச்சு" என்று அவர் நிம்மதியாக அடுப்படிக்குப் போனார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், என் நோட்டிலிருந்து 'மணல்' என்று எழுதிய தாளை ஒரு வெள்ளாட்டுக் கிடா தின்றுகொண்டிருந்தது. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி, நடந்தால் தரை அதிரும் போலிருக்கிற கிடா. கழுத்தில் கறுப்புக் கயிறு.

"ஏய் நோஞ்சான்! அங்கிட்டுப் போ!" என்று உள்ளிருந்து பஞ்சவர்ணத்தின் குரல்.

"இதுக்கா நோஞ்சான்னு பேரு? இது நல்லாக் கொழு…" என்று ஆரம்பித்த ஜெயபாலின் வாயை நான் கையால் பொத்தினேன். இன்னொரு முறை இருமுவதற்கு என்னிடம் தெம்பில்லை.

மதியம் 1.15. சோறு, கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய் வெஞ்சனம். அப்படியொரு குழம்பை நான் சாப்பிட்டு வருடக்கணக்காகிறது. ஜெயபால் சும்மா இருப்பானா? "சூப்பர்மா!" என்றான். "உப்பு கூடிப்போச்சு" என்றார் அவர். மோர் அருமை என்றான். "புளிச்சுப்போச்சு" என்றார். வீடு குளுகுளுவென்று இருக்கிறது என்றான். "ஒழுகும்" என்றார். சாப்பிட்டபின் முக்குக் கடைக்கு வெற்றிலை வாங்கப் போனோம். உட்கார இடமில்லாமல் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டு டீ குடிக்கிறார்கள். வியாபாரம் எப்படி அண்ணாச்சி என்று கேட்டதற்குக் கடைக்காரர் டீயை ஆற்றியபடியே, "ஈ ஓட்டுறேன்" என்றார். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஒரு பக்கம் எதைப் பார்த்தாலும் சூப்பர் என்கிற இரண்டு பேர். இன்னொரு பக்கம் எதைக் கேட்டாலும் ஒன்றுமில்லை என்கிற ஒரு ஊர். நடுவில் திங்கட்கிழமை பத்து மணியை வயிற்றில் கட்டிக்கொண்டு நான். வீட்டில் என் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாலாவது ரெண்டு பக்கம் தேறியிருக்கும் என்று திரும்பி வந்ததும் வாய்விட்டே சொன்னேன். ஸ்பீக்கர் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

4.10 இருக்கும். வெளிச்சம் சட்டென்று மங்கியது. தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மாசிக் கடைசியில், ஐப்பசியிலேயே ஒழுங்காகப் பெய்யாத அந்தப் பூமியில், மழை!

"ஐயோ என் பழம்!" என்று பஞ்சவர்ணம் போட்ட சத்தத்தில் நாங்கள் செருப்புக்கூடப் போடாமல் ஓடினோம். காய்கிற மிளகாயில் தண்ணீர் பட்டால் வெள்ளை விழுந்துவிடும், பிறகு வாங்க ஆளில்லை என்று ஓடும்போதே மூச்சிரைக்கச் சொன்னார். பலகை ஒன்றுதான் இருந்தது, அதை அவர் பிடித்தார். மற்ற மூவரும் வெறுங்கையால் வாரிக் குவித்தோம். நடுக்களத்தில் ஒரே குவியல். ஒரு தார்ப்பாய் இருந்தது. அது பாதியைத்தான் மூடியது. சொட்டு விழ ஆரம்பித்துவிட்டது. பஞ்சவர்ணம் தன் சேலைத் தலைப்பை விரித்துக்கொண்டு குவியலின் மேல் அப்படியே கவிழ்ந்தார்.

ஜெயபால் எழுந்து வேப்பமரத்தை நோக்கி ஓடினான். பயந்து ஓடுகிறான் என்றுதான் நினைத்தேன். காரின் போர்வையை ஒரே இழுப்பாக உருவிக்கொண்டு வந்தான். மிச்சப் பாதி அதில் மூடியது. சுற்றிலும் கல் வைத்து, நான்கு மூலையிலும் நான்கு பேரும் உட்கார்ந்தோம். இருபத்தைந்து நிமிடம் மழை எங்கள் மேல் பெய்தது. நோஞ்சான் திறந்து கிடந்த வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

மழை விட்டதும் பஞ்சவர்ணம் எங்களைப் பார்த்துப் பொரிந்து தள்ளினார். "காலையிலயே சொன்னேன்ல? அழகுங்கிறீக, எத்தனை மூட்டைங்கிறீக! இந்த வத்தல வெச்சுத்தாண்ணே சூன் மாசம் பிள்ளையக் காலேஜில சேக்கணும். மூட்டை வாயத் தைக்கிற வரைக்கும் எங்க பக்கம் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டோம். டவுனுக்காரவுகளுக்கு வாய் நிக்கிறதே இல்ல!" தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போர்வையின் ஓரத்தைத் தூக்கி உள்ளே கையை விட்டுப் பார்த்தார். என்ன பார்த்தார் என்று சொல்லவில்லை.

கதிர் காற்றழுத்தம், மேலடுக்குச் சுழற்சி என்று எதுவும் பேசவில்லை. "மன்னிச்சிக்கங்கம்மா" என்றான். அந்த அம்மாள் ஜெயபாலைத் திட்டியதும் கதிரைத் திட்டியதும் எனக்கு உறைக்கவில்லை. 'மூட்டை வாயைத் தைக்கிற வரைக்கும்' என்றாரே, அதுதான் உறைத்தது. காரியாபட்டிக் காக்காவை நினைத்தேன். அதற்கு முந்தைய ஆமையை, குடை பிடித்த நரியை, இருபது வருடமாக நான் பச்சையாக இவர்கள் முன் விரித்துக் காட்டி 'சூப்பர்' வாங்கிக்கொண்டு, பிறகு எழுதத் தோன்றாமல் விட்ட அத்தனையையும் நினைத்தேன். பாராட்டைக் கதை முடிவதற்கு முன்பே வாங்கிவிட்டால், அப்புறம் எதற்காக எழுத வேண்டும்? தப்பு ஜெயபாலுடையதில்லை. காயாத என் களத்துக்கு இவர்களை நானே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறேன்.

இந்த ஞானோதயத்தை நின்று அனுபவிக்க முடியாதபடி கை எரிய ஆரம்பித்தது. அத்தனை மிளகாயையும் வெறுங்கையால் வாரியிருக்கிறோம். கதிர் தெரியாத்தனமாகக் கண்ணைக் கசக்கிவிட்டான். அவன் போட்ட கூச்சலில் தெருவே திரண்டுவிட்டது. பஞ்சவர்ணம் ஒரு அகன்ற சட்டியில் மோரை ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். நடுவயதுக்காரர்கள் மூன்று பேர் ஒரு சட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஆறு கைகளையும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தோம். "புளிச்ச மோருன்னு சொன்னேன்ல? அது இதுக்குத்தான் ஆகும்" என்றார். அன்று முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"ஏம்மா, அந்தக் கிடாவுக்கு ஏன் நோஞ்சான்னு பேரு வெச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நோஞ்சானா இருக்கு, அதான் நோஞ்சான்" என்றார். கிடா வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாவம், தெனமும் அதையே சொல்லிச் சொல்லி அதுவும் நம்பிருச்சு போல. தின்னுக்கிட்டே இருக்கு."

நான் கையை மோரிலிருந்து எடுத்தேன். தன் பெயரை நம்பிவிட்ட ஒரு கொழுத்த கிடா. தான் உண்மையிலேயே நோஞ்சான் என்று எண்ணி, உடம்பு தேற வழி கேட்டு ஊர் ஊராகப் போகிற கிடா. அது போகிற இடமெல்லாம் வாசல் அடைபடுகிறது, கட்டில் உடைகிறது. கோழியிடம் கேட்கிறது, மாட்டிடம் கேட்கிறது, யாரும் உண்மையைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், கண்பட்டுவிடும் என்று பயம். ஒரு நொடியில் பதினாறு பக்கமும் வந்து நின்றுவிட்டது. வாய் தானாகத் திறந்தது. "டேய் ஜெயபால்…" என்றேன்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. மோர் இருக்கு, கையை நல்லா உள்ள விடு."

ஞாயிறு காலை 4.50க்கு எழுந்தேன். விரல்கள் இன்னும் எரிந்தன, பேனாவைத் துணி சுற்றிப் பிடித்தேன். ஜெயபாலும் கதிரும் எழுந்து பல் துலக்கும்போது கடைசிப் பக்கம் முடிந்திருந்தது. தாள்களை நான்காக மடித்து உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வெளியே வெயில் சுள்ளென்று வந்துவிட்டது. பஞ்சவர்ணம் குவியலைப் பிரித்து மறுபடி பரப்பிக்கொண்டிருந்தார். கிட்டத்தட்ட எல்லாமே சிவப்பாகத்தான் தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி நடந்தேன்.

11.00க்குக் கிளம்பினோம். ஆளுக்கு ஒரு பையில் வத்தல் கட்டிக் கொடுத்தார். "சொத்தைதாண்ணே. ஏதோ ரசத்துக்கு ஆகும்." காரின் போர்வையைத் துவைத்து மடித்து வைத்திருந்தார், இளஞ்சிவப்புக் கறை போகவில்லை. ஜெயபால் அதை வாங்கி டிக்கியில் வைத்தான்.

அருப்புக்கோட்டை தாண்டியதும் கதிர் கேட்டான். "சொல்லுடா. ஏதாவது கிடைச்சுதா?"

இருவரும் என் வாயையே பார்த்தார்கள். எனக்குச் சொல்ல வேண்டும்போல் அரித்தது. நோஞ்சான் கட்டிலை உடைக்கிற பக்கத்தை மட்டுமாவது. கையை உள்சட்டைப் பை மேல் வைத்துக்கொண்டேன்.

"எங்கடா… ஒண்ணும் தேறல."

காரே சோர்ந்துவிட்டது. ஜெயபால் ஸ்பீக்கரை அணைத்தான். "எங்களாலதான்டா. உன்னை நிம்மதியா விடல" என்றான். இருபத்தைந்து வருடச் சிநேகிதத்தில் இவன் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. பொய் சொல்கிறோமே என்று எனக்கு உறுத்தியது. ஆனாலும் மதுரை வரை வாயைத் திறக்கவில்லை.

திங்கள் 9.20க்குக் கதையை அனுப்பினேன். புதன்கிழமை பதிப்பாசிரியர் அம்மாவே கூப்பிட்டு, படம் வரைய ஆள் பார்த்தாயிற்று என்றார். அதையும் இவர்களிடம் சொல்லவில்லை. அதற்குத் தண்டனை கிடைத்தது. எனக்கு இன்ஸ்பிரேஷன் இன்னும் கிடைக்கவில்லை என்று கவலைப்பட்டு, சித்திரையில் கொடைக்கானலுக்கும் வைகாசியில் குற்றாலத்துக்கும் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு இடத்திலும் அருவி, மேகம், குரங்கு எல்லாவற்றையும் 'எழுதிக்கோ, எழுதிக்கோ' என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நோட்டில் 'குரங்கு' என்று எழுதினேன்.

ஆவணியில் புத்தகம் அச்சாகி வந்தது. கட்டைப் பிரித்து முதல் இரண்டு பிரதியை அவர்கள் இருவர் கையிலும் கொடுத்தேன். அட்டையில் கிடாவைப் பார்த்ததும் ஜெயபாலுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நடுரோட்டில் நின்று என்னைத் திட்டிவிட்டு, பிறகு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காது கிழிய 'சூப்பர்' என்றான். இனிமேல் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லட்டும்.

மூன்றாவது பிரதியைத் தபாலில் பஞ்சவர்ணத்துக்கு அனுப்பினேன். நான்கு நாள் கழித்துப் போன் வந்தது.

"புத்தகம் வந்துச்சுண்ணே. வாசிச்சேன்."

"எப்படிம்மா இருக்கு?"

"என்னத்த சொல்ல? சுமாராத்தான் இருக்கு. ஒண்ணும் விசேசமில்ல." பிறகு, "அடுத்த வெள்ளாமைன்னு ஒண்ணு எழுதணும்ல நீங்க?" என்றார்.

ஆமாம் என்றேன். மாசியிலிருந்து கேட்கப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டேன். "அந்த மழையில நனைஞ்ச வத்தல் என்னம்மா ஆச்சு?"

"அதுவா? அம்புட்டும் சொத்தைதாண்ணே" என்றார். "பிள்ளையக் காலேஜில சேத்தாச்சு."